நான் சொன்ன வெள்ளிக்கிழமை

எங்கள் கிளினிக்கில் ஒரு விதி உண்டு. ஊசி போடும் நேரத்தைச் சொல்லும்போது யாரும் 'மாலாம்' என்ற மலாய்ச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. மாலாம் என்றால் இரவு. அவ்வளவுதான், கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. போன மாதம் எனக்குப் பிரியாவிடை விருந்து வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த தாதி ஷாலினி, மீகூன் நூடுல்ஸ் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், ஒன்னு கேக்கலாமா? இந்த மாலாம் சொல்லக்கூடாதுங்குற ரூல் யாரால வந்துச்சு? மலாய்க்கார பேஷண்ட் கிட்ட கூட சொல்லக்கூடாதுன்னா எனக்கு வாய் சுளுக்கிக்குது."

"என்னாலதான் வந்துச்சு," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் கேலி பேசுவதாக நினைத்துக்கொண்டாள். சிஸ்டர் ஃபிலோமினா கேலி பேசுவாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தப்புச் செய்வாள் என்றுதான் யாரும் நினைப்பதில்லை. அன்றைக்கு அவளுக்கு முழுக்கச் சொல்ல முடியவில்லை, கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் லாயாங் லாயாங்கில் பிறந்தவள். அப்பாவுக்கு ரயில் தண்டவாளம் பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாவிட்டால் வீட்டில் பேச்சே கிடையாது என்கிற மாதிரியான கத்தோலிக்கக் குடும்பம். தாதிப் பயிற்சி முடித்து, அரசாங்க மருத்துவமனையின் பிரசவ வார்டில் பதினான்கு வருடம் இருந்தேன். முதுகு போய்விட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கிடைக்காதா என்று தேடியபோது, ஜொகூர் பாருவில் குழந்தைப்பேறு சிகிச்சை செய்யும் கிளினிக் ஒன்றில் ஆள் கேட்டார்கள். அங்கேயும் யாரும் உட்காருவதில்லை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

என் வேலை ஊசி சொல்லிக்கொடுப்பது. கருமுட்டைகள் வளர ஹார்மோன் ஊசி வேண்டும். ஏறக்குறைய பத்து நாள், தினமும் ஒரே நேரத்தில், அந்தப் பெண் தன் வயிற்றில் தானே போட்டுக்கொள்ள வேண்டும். இப்போது பேனா மாதிரி வந்துவிட்டது. திருகி, அளவு பார்த்து, அழுத்தினால் போதும். நான் சேர்ந்த புதிதில் கண்ணாடிக் குப்பியின் கழுத்தைத் துணி வைத்து உடைத்து, அந்த நீரை எடுத்துப் பொடியில் விட்டு, குலுக்காமல் உருட்டிக் கரைத்து, முனையை மாற்றி, காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றி, பெரிய சமையலே நடக்கும்.

வாய்ப்பாடு மாதிரி எனக்கு அது இன்னும் வரும். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போடு. இன்று இடது பக்கம் என்றால் நாளை வலது. அழுத்தி முடித்ததும் உடனே உருவாதே, பத்து எண்ணு. மருந்தைக் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வை. மேலே ஐஸ் கட்டுகிற இடத்தில் வைத்தாயோ, உறைந்து குப்பைக்குத்தான் போகும். வெயிலில் நிற்கிற காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதே. தோழி போட்டு மிஞ்சிய மருந்து என்று யார் கொடுத்தாலும் வாங்கிப் போடாதே. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட்டுச் சரிக்கட்டாதே, எனக்குப் போன் பண்ணு. வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் பொறுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம். எந்த நேரமானாலும் கூப்பிடு.

இதிலும் ஆரம்பத்தில் ஒரு முறை சறுக்கினேன். போட்டு முடித்த ஊசிகளை எங்கே போடுவது என்று ஒரு பெண் கேட்டாள். மூடியுள்ள கெட்டியான டப்பா எதுவானாலும் சரி, கொண்டுவந்து இங்கே கொடுத்துவிடலாம். அதை விட்டுவிட்டு, பிரசவ வார்டுப் பழக்கத்தில், "வீட்ல பழைய பால்மாவு டின் இருக்கும்ல, அதுல போடுங்க" என்றேன். அவள் என்னைப் பார்த்து, "எங்க வீட்ல ஏது சிஸ்டர் பால்மாவு டின்?" என்றாள். அதற்குப் பிறகு பிஸ்கட் டின் என்றுதான் சொல்வேன். இந்த வேலையில் ஊசியைவிட வாய் சீக்கிரம் குத்திவிடும்.

எங்கள் டாக்டர் நோர்லியா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியிடம் 'ஃபாஹாம்?' என்று, அதாவது புரிந்ததா என்று, கேட்கவே கூடாது. கேட்டால் எல்லோரும் தலையை ஆட்டிவிடுவார்கள், மரியாதைக்கு ஆட்டுவார்கள் என்பார். "காட்டச் சொல்லுங்க, திருப்பிச் சொல்லச் சொல்லுங்க" என்பார். ஒரு பெண் தன் முதல் ஊசியை அவர் கண் முன்னால் போட்டுக்கொண்ட பிறகுதான் மருந்துப் பை அவள் கைக்குப் போகும்.

தமிழ்ப் பெண்கள் வந்தால் எல்லோரும் என்னிடம் தள்ளிவிடுவார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லும்போது பேந்தப் பேந்த விழிக்கிறவர்கள், நான் தமிழில் சொன்னால் தெளிந்துவிடுவார்கள். எனக்கு அதில் பெருமைதான். டாக்டர் சொல்வது மலாயில் காதில் விழும்போதே தமிழாக வாயில் வந்துவிடும். இடையில் யோசிக்கக்கூட வேண்டியதில்லை.

கலைவாணி பெக்கோக்கிலிருந்து வந்தவள். முப்பத்து நான்கு வயது, கல்யாணமாகிப் பதினோரு வருடம். வீட்டிலேயே துணி தைப்பவள். கணவன் சேகர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினான். குறை இரண்டு பேரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது, ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் அவள் பேசுவதைக் கேட்டால் எல்லாம் அவள் ஒருத்தி உடம்பில்தான் என்று தோன்றும். முதல் ஊசியை டாக்டர் முன்னால் ஒரே வீச்சில் போட்டுக்கொண்டாள். "ஊசி எனக்குப் பழக்கம்தான் சிஸ்டர், ஆனா துணி மேல" என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

பத்து நாளும் அவள் ஒரு நிமிடம்கூடத் தவறவில்லை. புதன்கிழமை ஸ்கேனில் பத்து முட்டைப் பைகள் நன்றாக வளர்ந்திருந்தன. இனி ஒரே ஒரு ஊசிதான் பாக்கி, கடைசி ஊசி. முட்டைகளை முற்ற வைப்பது அதுதான். அதைப் போட்ட முப்பத்தாறு மணி நேரத்தில் முட்டைகளை எடுத்துவிட வேண்டும். முந்தினால் அவை முற்றியிருக்காது, பிந்தினால் பை வெடித்துத் தாமாகவே வெளியேறிவிடும். மற்ற ஊசிகளில் ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் சமாளிக்கலாம், இதில் முடியாது.

அன்றைக்கு ஒரே கூட்டம். டாக்டர் அறுவை அறைக்குப் போகிற வழியில் தலையை நீட்டி, "கலைவாணிக்கு மாலாம் ஜுமாத், ஒன்பதரை. சனிக்கிழமை காலைல எடுக்கிறோம்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

ஜுமாத் என்றால் வெள்ளிக்கிழமை. ஆனால் மாலாம் ஜுமாத் என்றால் வெள்ளிக்கிழமை இரவு இல்லை. மலாய்க்காரர்களுக்குச் சூரியன் மறையும்போதே அடுத்த நாள் பிறந்துவிடும். அதனால் வெள்ளிக்கு முந்தைய இரவு, நாம் வியாழக்கிழமை இரவு என்று சொல்வதுதான், அவர்களுக்கு மாலாம் ஜுமாத். இந்த நாட்டில் பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். என் மனதில் வியாழக்கிழமைதான் இருந்தது. வாய்தான் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, "வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை, கலை. சனிக்கிழமை காலைல ஏழரைக்கு வெறும் வயித்தோட வந்துடுங்க" என்றது. ஊசி நேரம் குறிக்கிற அட்டையிலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல், கூட்ட அவசரத்தில், கேட்கக் கூடாத கேள்வியையும் கேட்டேன்.

"புரிஞ்சுதா?"

அவள் தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டே கால் மணிக்குப் போன் வந்தது.

"சிஸ்டர், கலை பேசுறேன். தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. இன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்கு கடைசி ஊசி, நாளைக்கு காலைல ஏழரைக்கு அங்க இருக்கணும். சரிதான?"

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

"நேத்து ராத்திரி போடலையாம்மா?"

"நேத்தா?" என்று இழுத்தாள். பிறகு, "அப்ப நான்தான் தப்பா கேட்டுட்டேன் போல சிஸ்டர்" என்றாள்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டாக்டர் தலையை நீட்டியது, நான் எழுதியது, எல்லாம். இல்லை கலை, நீ சரியாகத்தான் கேட்டாய் என்று சொல்ல ஒரு வினாடி போதும். நான் சொன்னது, "உடனே கிளம்பி வாங்க. அந்த மருந்த ஐஸ் பேக்கோட, துணி சுத்தி எடுத்துக்கிட்டு வாங்க." போனை வைத்துவிட்டேன். பழியை அவளே எடுத்து என் முன்னால் நீட்டினாள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெக்கோக்கிலிருந்து அவள் வந்து சேர இரண்டரை மணி நேரம். அவ்வளவு நேரமும் அதை அவள் தூக்கிக்கொண்டு வந்தாள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டாக்டரிடம் மட்டும் மறைக்கவில்லை. நடந்ததை நின்றபடியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, "சியாப்பா லாகி?" என்று கேட்டார். வேறு யார் என்று அர்த்தம். எப்படி, ஏன் என்றெல்லாம் கேட்கவில்லை. இதே மாதிரி இந்த வாரம் வேறு யாருக்காவது சொல்லியிருக்கிறேனா என்பதுதான் அவருக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது. இல்லை என்றேன். இருந்தாலும், அந்த வாரம் கடைசி ஊசி சொல்லியிருந்த மற்ற மூன்று பேருக்கும் அவர் முன்னாலேயே போன் போடச் சொன்னார். மூன்றும் சரியாக இருந்தன. பிறகுதான் அடுத்ததைப் பேசினார். வந்ததும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, முட்டைகள் தாமாக வெளியேறாமல் தடுக்கிற ஊசி ஒன்று. எல்லாம் ஒத்துவந்தால் இன்று இரவு கடைசி ஊசி, ஞாயிறு காலை முட்டை எடுப்பது.

"நீங்க அவங்ககிட்ட சொல்லுவீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மாலாம் ஜுமாத்னு சொன்னது நான். இனிமே இந்த கிளினிக்ல அத நானும் சொல்லமாட்டேன். ஆனா அவங்களுக்கு சொல்ல வேண்டியது நீங்க, ஃபிலோ. ஸ்கேனுக்கு முன்னாடி சொல்லுங்க. ஸ்கேன் நல்லா இருந்துட்டா அப்பறம் சொல்றது ரொம்ப சுலபம். மோசமா இருந்தா உங்களுக்கு வாயே வராது." அவர் மலாயில் சொன்னதை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். இந்த முறை யோசித்துத்தான்.

அவர்கள் வந்தபோது மணி பதினொன்றைத் தொட்டிருந்தது. நான் நடைபாதைக்குப் போனேன். கலைவாணி மடியில் ஐஸ் பையை அணைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சேகர் உட்காரவில்லை.

"ஒரு கிழமைய ஒழுங்கா கேட்டுட்டு வர தெரியல உனக்கு. எத்தன வருஷமா இதுக்கு அலையறோம்? நான் வேலைய போட்டுட்டு வந்து கூடவே நிக்கணுமா?"

அவள் ஐஸ் பையின் துணியை இழுத்துச் சுற்றினாள். காரிலும் வழியெல்லாம் இதுதான் நடந்திருக்கும் என்று தெரிந்தது.

"கலை, நான் எழுதி கொடுத்த அட்ட இருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பரவால்ல சிஸ்டர்," என்றாள் மெதுவாக.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். போனை வைத்ததுமே எடுத்துப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டும் கணவனிடம் காட்டவில்லை, என்னிடமும் காட்டவில்லை. நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில் எடுத்துக் கொடுத்தாள். 'வெள்ளி இரவு 9.30' என்று என் கையெழுத்தில், கீழே இரண்டு கோடு போட்டு, அழகாக எழுதியிருந்தேன்.

"தம்பி, இத படிங்க," என்று சேகரிடம் கொடுத்தேன். "இது நான் எழுதினது. வியாழக்கிழமைன்னு சொல்ல வேண்டியத நான் வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். தப்பு என்னோடது. கலை சரியாதான் கேட்டுச்சு. காலைல போன்லயே நான் இத சொல்லியிருக்கணும், சொல்லல. அதுவும் என் தப்புதான். என்ன மன்னிச்சிடுங்க, ரெண்டு பேரும்."

அவன் அட்டையைப் படித்தான். திருப்பிப் பார்த்தான், பின்னால் ஒன்றும் இல்லை. என் மேல் கத்தப்போகிறான் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு நாள்தான சிஸ்டர். ஒரு நாள்ல என்ன ஆகும்?"

"முட்டை தானா வெளியேறி போயிருக்கலாம் தம்பி. அப்படின்னா எடுக்க ஒன்னும் இருக்காது. பத்து நாள் போட்ட ஊசி எல்லாம் வீணா போயிடும். ஸ்கேன்லதான் தெரியும்."

கலைவாணி எழுந்து ஸ்கேன் அறைக்குள் போனாள்.

டாக்டர் நோர்லியா திரையைப் பார்த்து மலாயில் ஒவ்வொன்றாக எண்ணினார். நானும் மனதுக்குள் எண்ணினேன், ஜெபமாலை உருட்டும்போதுகூட அப்படி எண்ணியதில்லை. புதன்கிழமை பத்து இருந்த இடத்தில் எட்டு இருந்தது. டாக்டர் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எட்டுதான். "போதும், எட்டு இருக்கு," என்றார். மத்தியானம் ரத்தப் பரிசோதனையும் பாதகமில்லாமல் வந்தது.

தடுப்பு ஊசியை நான்தான் போடவேண்டும். மருந்தை ஏற்றி, அவள் வயிற்றைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். கலைவாணி கையை நீட்டினாள்.

"கொடுங்க சிஸ்டர், நான் போட்டுக்கறேன். பத்து நாளும் நான்தான போட்டேன்."

உண்மைதான். ஆயிரக்கணக்கான ஊசி போட்டவள், அதை அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கி, இரண்டு விரல் அளந்து, போட்டு, உதடு அசையப் பத்து எண்ணிவிட்டு எடுத்தாள். நான் மூலையில் போய்க் குப்பியைத் தேடுவது மாதிரி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று இரவு அவர்கள் பக்கத்திலேயே ஒரு ஹோட்டலில் தங்கினார்கள். ஒன்பதரைக்கு நான் போனில் இருந்தேன். கிழமை, தேதி, மணி மூன்றையும் அவள் சொல்ல நான் கேட்டேன். ஞாயிறு காலை நான் பூசைக்குப் போகவில்லை. ஆறு முட்டைகள் கிடைத்தன, அதில் இரண்டு கருவாக வளர்ந்தன. ஒன்றைக் கருப்பையில் வைத்தார்கள், இன்னொன்றை உறைய வைத்தார்கள். திங்கட்கிழமை டாக்டர் புது அட்டை அச்சடிக்கக் கொடுத்தார். கிழமைக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒரு கட்டம், மணிக்கு ஒரு கட்டம், நோயாளி திருப்பிச் சொன்னார் என்பதற்கு ஒரு கட்டம். ஷாலினியின் வாய் சுளுக்கிக்கொள்வது அன்றிலிருந்து வந்த கதை.

முதலில் வைத்த கரு தங்கவில்லை. உறைய வைத்தது, ஏழு மாதம் கழித்து, தங்கியது. பெண் குழந்தை. படம் அனுப்பியிருந்தாள், அவளுடைய நெற்றி, சேகருடைய காது. அந்தப் படத்தைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. ஆனால் வேலையை விட்டு வந்த பிறகு நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது, முதல் கரு தங்கவில்லை என்று அவளுக்குப் போன் செய்த நாளைத்தான். பரிசோதனை முடிவைச் சொல்வதும் என் வேலையாக இருந்தது. வேறு யாரையாவது சொல்லச் சொல்லியிருக்கலாம். நானே சொன்னேன்.

அவள் கேட்டாள், "இது அந்த ஒரு நாளாலயா சிஸ்டர்?"

"தெரியலம்மா. டாக்டர் அப்படி இருக்காதுன்னுதான் சொல்றாங்க. இல்லன்னு சொல்ல எனக்கும் ஆசதான். ஆனா எனக்கு நிஜமாவே தெரியல."

"எங்க மாமியார் வேற ஆஸ்பத்திரி பாக்க சொல்றாங்க. அந்த நர்சாலதான் போச்சுன்னு."

"அவங்க சொல்றதுல தப்பு இல்ல கலை. மாத்தணும்னு நினைச்சா ஃபைல் எல்லாம் நானே எடுத்து தரேன்."

"இல்ல சிஸ்டர், நான் அங்கதான் வருவேன்." அவள் அழ ஆரம்பித்திருந்தாள், ஆனாலும் பேச்சு தெளிவாக இருந்தது. "பதினோரு வருஷமா எங்க வீட்ல எது நடந்தாலும் என்னாலதான். கேட்டு கேட்டு நானே அத நம்பிட்டேன். அட்டைய கைல வச்சிக்கிட்டே நான் வாய தொறக்கல பாத்தீங்களா? நீங்க அவர் முகத்த பாத்து, தப்பு என்னோடது, கலை சரியாதான் கேட்டுச்சுன்னு சொன்னீங்க. எனக்காக யாரும் அப்படி சொன்னதே இல்ல. இப்ப பிள்ள தங்கலன்னு சொல்றீங்க. அழுகையா வருது. ஆனா நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிக்காம அழறது இதுதான் சிஸ்டர் மொத தடவ."

அவள் அழுது முடிக்கும் வரை போனை வைக்காமல் இருந்தேன்.